லாங்டாங் பள்ளத்தாக்கு: லாமா ஹோட்டலில் இருந்து லாங்டாங் கிராமம் ஒரே நாளில் சரிவருமா?

உப்புவெளி_நடை
ஒக்டோபர் கடைசியில் திருகோணமலையில் இருந்து நாலு பேர் நேபாளம் போகிறோம். முகவர் தந்த திட்டத்தில் இரண்டாம் நாள் லாமா ஹோட்டலில் இருந்து லாங்டாங் கிராமம் வரை ஒரே நடை. கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்கு இது சரிவருமா? தினமும் கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறி இறங்கினால் காணுமா? தண்ணீர், சப்பாத்து பற்றியும் சொல்லுங்கோ.

மேட்டுவழி
கோயில் ஏற்றம் காலுக்கு நல்லது. உயரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. லாமா ஹோட்டல் ஏறக்குறைய 2,400 மீற்றர், லாங்டாங் 3,430. இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகலை 2,524தான். இங்கே எங்கு பழகினாலும் அந்தக் காற்று கிடைக்காது. லாங்டாங்கில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு.

3,000 மீற்றருக்கு மேலே, இரவு படுக்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாமல் இருப்பதே வழக்கம். ஒரே நாளில் 1,000 ஏற வைக்கும் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. இடையில் வரும் தாங்சியாப் என்ற இடத்தில் ஒரு இரவு போடச் சொல்லுங்கோ. அடுத்த நாள் லாங்டாங், அதற்கடுத்த நாள் 3,870இல் உள்ள கியாஞ்சின் கொம்பா. ஒரு நாள் கூடும், அவ்வளவுதான்.

நடையைப் பற்றி: காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கோ. கோடா தபேலா வரை ஆறு அறுத்த ஒடுங்கிய பள்ளம்: காடு, நிழல், ஈர வேர், வழுக்கும் கல். அதற்கு மேல் பழைய பனியாறு அகட்டிய அகன்ற தரை. மரம் குறையும், வெயில் நேராக அடிக்கும். வெயிலில் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்குக் காற்று கீழிருந்து மேலே கிளம்பும். பின்னேரம் அது பலமாக வீசும். வியர்வையில் நனைந்த பருத்தி பெனியனோடு அதில் நின்றால் பத்து நிமிடத்தில் நடுக்கம். பருத்தியை வீட்டில் வைத்துவிட்டு, உலரும் சட்டை இரண்டு எடுங்கோ. காற்றுத்தடுப்புச் சட்டை பையின் மேலேயே இருக்கட்டும்.

லாங்டாங்குக்குச் சற்று முன் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பழைய கிராமத்தை மூடிய சரிவைக் கடக்க வேண்டும். கல்லும் மண்ணும் தளர்வாகக் கிடக்கும். அங்கே இருந்து இளைப்பாற வேண்டாம், ஆளுக்காள் இடைவெளி விட்டுக் கடவுங்கோ. அடியில் ஊர்ச் சனம் கிடக்கிறது. சிரித்துப் படம் எடுக்கும் இடமும் அல்ல.

கச்சான்_பை
தண்ணீர்: ஆறு அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஓடும். பனியாறு பாறையை அரைத்த மா அது. வடிகட்டியில் நேரே விட்டால் அடைத்துவிடும். பக்க ஓடையில் தெளிந்த தண்ணீர் பிடியுங்கோ, இல்லாவிட்டால் ஒரு பாத்திரத்தில் தெளியவிட்டு மேல்நீரை எடுங்கோ. குளோரின் குளிசை என்றால் பொதியில் போட்ட அளவுதான். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தால் சொன்ன நேரத்தைப் போல இரண்டு மடங்கு விடுங்கோ. குழல் வடிகட்டியை இரவில் படுக்கைப் பைக்குள் வையுங்கோ. உள்ளே உறைந்தால் இழை வெடித்துவிடும். வெளியில் பார்த்தால் தெரியாது, கிருமி மட்டும் வரும்.

சப்பாத்து அரை அளவு பெரிதாக. இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. நிலாவெளி மணலில் நடந்து பழகினால் சப்பாத்து பழகாது. கல்லிலும் படியிலும் நடவுங்கோ.

கோவேறு கழுதை வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கோ. ஆற்றுப்பக்கம் நின்றால் மூட்டை தட்டிவிடும்.

உப்புவெளி_நடை
நன்றி. தாங்சியாப் கேட்கிறேன். உயரத்தில் வரும் நோயைத் தடுக்கும் டயமொக்ஸ் குளிசை போட வேணுமா?

மேட்டுவழி
டொக்டரிடம் கேட்டுப் போடுங்கோ. தடுப்புக்கு வழமையான அளவு 125 மி.கி., நாளைக்கு இரண்டு தரம், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கி. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேணும். விரல் நுனி ஊசி குத்துவது மாதிரி இருக்கும், சிறுநீர் கூடப் போகும், அது வழமை.

தலையிடியோடு சத்தி, சாப்பாடு இறங்காமை என்றால் அன்று மேலே போக வேண்டாம். குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி நேர்கோட்டில் பத்து அடி வைக்கச் சொல்லுங்கோ. தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றாலும் ஆளைத் தனியே விடாமல் கீழே இறக்குங்கோ. டயமொக்ஸ் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

கச்சான்_பை
இன்னொன்று: தேசியப் பூங்கா அனுமதிக்கு சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. முகவர் வெளிநாட்டவர் விலை போட்டிருக்கிறாரா என்று பில்லைப் பாருங்கோ.