மேனிஃபோல்ட் போல்ட்டில் ஏற்கெனவே த்ரெட் லாக்கர் பூச்சு இருக்கிறது, மேலே இன்னும் தடவலாமா?

கேள்வி (ஸ்பேனர்13)

வண்டி 2003 செவ்ரோலெட் டாஹோ, 5.3 லிட்டர் வி8, எல்எம்7 இன்ஜின். இடது பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) கடைசி போல்ட் தலை முறிந்திருந்தது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் சத்தம், சூடானதும் அடங்கிவிடும். ஹெட்டுக்குள் (சிலிண்டர்களின் மேல்மூடி, மேனிஃபோல்ட் மாட்டும் இடம்) நின்ற துண்டை வெளியே எடுத்தாகிவிட்டது. புது கேஸ்கெட்டும் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு), ஒரு பக்கத்துக்கு 6 வீதம் 12 புது போல்ட்டும் கையில் இருக்கின்றன. போல்ட் மரையைச் சுற்றி வளையமாக ஒரு காய்ந்த பூச்சு, அதாவது த்ரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை). இதன் மேல் நீல லாக்கரும் தடவ வேண்டுமா? அடுத்த தடவை கழற்றச் சுலபமாக இருக்க ஆன்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் மசகு) போடலாமா? மேனிஃபோல்ட் பழுக்கச் சூடாகுமே, அங்கே லாக்கர் தாங்குமா? இன்னொன்று: 3 போல்ட்டை முழு டார்க்கில் (குறித்த முறுக்கு அளவில்) இறுக்கிய பிறகு கேஸ்கெட் நகர்ந்திருப்பது தெரிந்து கழற்றிவிட்டேன். அவற்றையே திரும்பப் போடலாமா?

பதில் (டார்க்_ரெஞ்ச்)

லாக்கரும் வேண்டாம், ஆன்டி-சீஸும் வேண்டாம். அந்தப் பூச்சுக்குள் நுண்ணிய குமிழ்களில் பசை அடைபட்டிருக்கிறது. மரை உள்ளே இறங்கும்போது குமிழ்கள் உடைந்து, பசை கலந்து இறுகத் தொடங்கும். மேலே திரவ லாக்கர் தடவினால் பிடிப்பு அதிகமாகாது. மிஞ்சியது துளையின் அடியில் போய்த் தேங்கும். ஆன்டி-சீஸ் இரண்டு விதத்தில் கெடுதல். எண்ணெய்ப் படலத்தில் பசை ஒட்டாது. மரையின் உராய்வும் குறைந்துவிடுவதால், ரெஞ்ச் அதே 25 நியூட்டன் மீட்டர் காட்டினாலும் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். ஏற்கெனவே முறிகிற இடத்தில் இந்த வேலை கூடாது.

கழற்றிய 3 போல்ட்டில் பூச்சு செலவாகிவிட்டது. புதிது கிடைத்தால் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் கம்பி பிரஷால் பழைய பசையைச் சுரண்டி, பிரேக் கிளீனரால் கழுவி, காயவிட்டு, லாக்டைட் 272 போன்ற வெப்பம் தாங்கும் லாக்கரை 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையாகத் தடவுங்கள். முனையில் முதல் 3 மரையில் படக்கூடாது. சாதாரண நீலம் (242) 150 டிகிரி செல்சியஸ் வரைதான். 272க்கு 232 டிகிரி.

பதில் (அலுமினியம்_ஹெட்)

வெப்பம் பற்றிய கேள்விக்கு: பழுக்கிறது மேனிஃபோல்ட். லாக்கர் இருப்பதோ ஹெட்டின் மரையில். ஹெட் அலுமினியம், அதற்குள் கூலன்ட் ஓடுகிறது. அதனால் மரைப் பகுதி மேனிஃபோல்டைவிட மிகவும் குளிர்ச்சியாகவே இருக்கும்.

ஆனால் லாக்கர் போல்ட் தளர்வதைத் தடுக்கும், முறிவதைத் தடுக்காது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் நடுவிலிருந்து முனைக்கு 200 மில்லிமீட்டர், வெப்பம் 400 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். அதே தூரத்துக்கு அலுமினிய ஹெட் 80 டிகிரி ஏறினால் 0.37. மிச்ச அரை மில்லிமீட்டரை முனைப் போல்ட்கள்தான் ஒவ்வொரு ஓட்டத்திலும் தாங்குகின்றன. கடைசி போல்ட் முதலில் போவதற்குக் காரணம் இதுதான். எனவே மாட்டுவதற்கு முன் மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்விளிம்புப் பட்டை) வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.25 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். வளைந்ததைப் போல்ட்டால் இழுத்துச் சமன் செய்தால் அடுத்த முறிவு நிச்சயம்.

ஸ்பேனர்13

அளந்தேன் அண்ணா, 0.15தான். ஒரு போல்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், கொஞ்ச தூரம் போய் இறுகிவிடுகிறது. மரை கோணலாக ஏறுகிறதோ?

பதில் (டார்க்_ரெஞ்ச்)

முதல் 2, 3 சுற்று விரலால் லேசாக இறங்கி, பிறகு ஒரே சீராக இறுகினால் அது பூச்சின் எதிர்ப்பு. முதல் சுற்றிலேயே பிடித்தால் நிறுத்துங்கள்: ஒன்று கோணல், இல்லை துளையில் பழைய பசை. துளையைச் சுத்தம் செய்ய எம்8x1.25 த்ரெட் சேஸர் (மரையை வெட்டாமல் சுத்தம் செய்யும் கருவி) போதும். வெட்டுகிற டேப்பை விட்டால் அலுமினியத்தையும் சேர்த்துச் சுரண்டும், மரை தொளதொளத்துவிடும். பிறகு பிரேக் கிளீனர், காற்று. துளை உலர்ந்திருக்க வேண்டும்.

இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு கேஸ்கெட்டோடு மேனிஃபோல்டை நிறுத்தி, 6 போல்ட்டையும் விரலால் போகும் மட்டும் சுற்றுங்கள். துளையோடு துளை சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நீங்கள் 3 போல்ட்டை இழந்தது இந்தப் படியில்தான். பிறகு நடுவில் உள்ள 2 போல்ட்டில் தொடங்கி, இடமும் வலமும் மாறிமாறி முனைவரை 15 நியூட்டன் மீட்டர். அதே வரிசையில் இரண்டாவது சுற்று 25. இம்பாக்ட் கன் வேண்டாம், கை ரெஞ்ச்தான். குமிழ் உடைந்ததுமே பசை இறுகத் தொடங்குவதால், இரண்டு சுற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

பதில் (கேஸ்கெட்_கிழிந்தது)

இடது ஹெட்டின் பின்முனையில் கேஸ்கெட்டின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தட்டை முனையுள்ள பஞ்ச் (சுத்தியலால் தட்டும் உலோகக் கருவி) வைத்து அதை மடக்கிவிட மறக்காதீர்கள்.

ஸ்பேனர்13

ஓடிச் சூடான பிறகு மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டுமா?

பதில் (அலுமினியம்_ஹெட்)

வேண்டாம் தம்பி. லாக்கர் இல்லாத போல்ட்டுக்கு அந்தப் பழக்கம் சரி. இதில் பசை இறுகிய பிறகு அரைக்கால் சுற்று திருகினாலும் ஒட்டு விட்டுப்போகும், திரும்ப ஒட்டாது. அப்படி அசைத்த போல்ட்டையும் கழற்றிய 3 போல்ட்டைப் போலத்தான் நடத்த வேண்டும்.

24 மணி நேரம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கு முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சைலன்சர் வாயில் வேக்கூம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் செருகி, மேனிஃபோல்ட் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நுரை கிளம்புகிற இடத்தில் கசிவு. கடைசி சிலிண்டர் பக்கம் கைக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும்.