மென்பொருள் குழு முடிவை மாமாக் கடையில் எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

செந்தூல்வாசி:
தமிழில் மென்பொருள் மொழிபெயர்க்கிற சின்னக் குழு, பெயர் வேண்டாம். 'சேமி' சண்டை உங்களுக்குத் தெரியாததில்லை. Save பட்டனில் 'சேமி' என்று போட்டால் அதட்டுவது போல இருக்கிறது, 'சேமிக்கவும்' என்றால் எழுத்து பட்டனுக்கு வெளியே வழிகிறது. பட்டர்வொர்த் அண்ணன் ஒருவர் 'சேமிக்கவும்' கட்சி. நான்கு மாதம், ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து 1,200 வரிகளைத் திருத்தி அனுப்பியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நாங்கள் மூன்று பேர். தலைவர் (யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, சர்வர் பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது) ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "'சேமி'யே இருக்கட்டும், அண்ணன் அனுப்பியதை ஏற்காமல் மூடிவிடலாம்" என்றார். அண்ணன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை. தே தாரிக் நுரையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பொதுவில் ஒரே வரி: "விவாதித்து முடிவு செய்யப்பட்டது." அண்ணன் கோபப்படவே இல்லை. "விவாதம் எங்கே இருக்கிறது? படித்துப் பார்க்கிறேன்" என்று லிங்க் கேட்டார். நிஜமாகவே லிங்க் கேட்டார்! ஒருவரும் பதில் போடவில்லை. அதோடு அவர் வருவதும் நின்றுவிட்டது.

தஞ்சோங் காற்று:
எங்களுக்குச் சிக்கல் பணத்தில் வந்தது. ஜார்ஜ் டவுன், மாதாந்திரக் கணினிப் பட்டறை, ஆளுக்கு வருஷம் 50 வெள்ளி (ரிங்கிட்). புதிதாக வந்த பையன், கணக்கைப் பொதுவில் போடலாமே என்று கேட்டுவிட்டான். பொருளாளர் ஓய்வுபெற்ற வாத்தியார். அடுத்த வாரம் லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடையில் ஒரு மைலோ டின்னை மேசையில் கவிழ்த்தார். ஹார்டு டிஸ்க், போஸ்டர், சாப்பாடு என்று நான்கு வருஷ ரசீதுகள். "பார்த்துக்கோ."

பையன் ஒன்றை எடுத்தான். திருப்பினான். அடுத்ததை எடுத்தான். எல்லாமே வெள்ளைக் காகிதம். கடை ரசீது எழுத்து நம் ஊர்ப் புழுக்கத்தில் எத்தனை நாள் நிற்கும்? சார் ஒரு காசு தொட்டிருக்க மாட்டார், சத்தியம் செய்வேன். ஆனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. "பரவாயில்லை சார்" என்று பையன் அந்த வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கித் திரும்ப டின்னுக்குள் வைத்தான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பழைய பெங்குவின்:
செந்தூல் தம்பி, தப்பு மாமாக் கடையில் இல்லை. பேசியதை எழுதாததில் இருக்கிறது. அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் வாக்கெடுப்பைக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைப்பது வழக்கம், உலகத்தின் மறுபக்கத்தில் தூங்குகிறவனும் எழுந்து பார்க்கட்டும் என்று. நிரல் மாற்றத்துக்கு ஒரே ஆள் 'மைனஸ் ஒன்று' போட்டுத் தடுக்கலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாவிட்டால் அந்தத் தடை செல்லாது. லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் குழு 1997லேயே 'சிக்கல்களை மறைக்க மாட்டோம்' என்று சமூக ஒப்பந்தத்தில் எழுதி வைத்தது. பைத்தான் நிரல் மொழியைப் பாருங்கள், 2018ல் அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம், மொழியில் ஒரு புதுக் குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய சண்டையில் சலித்து ஒதுங்கிய பிறகு ஐந்து பேர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் குழுவும் முதலில் ஒரு விதிமுறை எழுதட்டும். அப்புறம் பாஸ்வேர்டை இரண்டு பேரிடம் கொடுங்கள். அப்புறம் ஒவ்வொரு சந்திப்புக்கும் குறிப்பு எடுக்க ஒருவர். சுழற்சி முறையில்.

என் அனுபவமா? எனக்கும் ஒருமுறை சொல்லாமல் திட்டத்துக்குள் நுழையும் அனுமதியைப் பறித்தார்கள். காலையில் உள்ளே போனேன், கதவு பூட்டியிருந்தது. அவ்வளவுதான்.

அஞ்சடி:
பெங்குவின் அண்ணே, எல்லாவற்றையும் பெயரோடு பொதுவில் எழுது என்று சொல்வது சுலபம். நான் ஒருவருடைய நிரலுக்குக் காரணத்தோடுதான் மறுப்பு எழுதினேன், மூன்று பத்தி. அடுத்த மாதம் பத்துமலைப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் அந்த மனிதரின் மாமனார்! "உங்கள் மகள் எங்கள் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாமே" என்று கேட்டிருக்கிறார். ரசம் ஊற்றிய கையோடு அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. நிரல் பகிரும் தளமான கிட்ஹப் என்றால் என்ன என்று வீட்டுக்குப் போகும் வரை காரில் விளக்கினேன், யாரும் நம்பவில்லை.

நீங்கள் சொல்லும் டெபியனிலேயே, பொதுத் தீர்மானங்களில் யார் எதற்கு வாக்களித்தார் என்று பெயரோடு வெளியிட்டு வந்தார்கள். 2022ல் அதை ரகசியமாக்கினார்கள். காரணம் இல்லாமலா? வாதம் வெளியில் இருக்கட்டும், வாக்கு மூடி இருக்கட்டும்.

பழைய பெங்குவின்:
வாக்கும் வாதமும் வேறு என்று நானும் அதைத்தானே சொன்னேன்.

அஞ்சடி:
சொல்லவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

செந்தூல்வாசி:
அண்ணே, 72 மணி நேரம் எல்லாம் சரி. மேசையில் இருந்தது மூன்று பேர்தானே, நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நேற்று இதை எழுதி முடித்ததும் பட்டர்வொர்த் அண்ணனுக்கு வாட்ஸ்அப் போட்டேன்: "விவாதம் எங்கும் எழுதப்படவில்லை. நானும் அங்கே இருந்தேன்." நீல டிக் விழுந்துவிட்டது. 'டைப் செய்கிறார்' என்று இரண்டு தடவை வந்து போனது.