மறுமொழி: ‘போஸ்ட் கன்ஸ்யூமர் ரீசைக்லேட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு, வணக்கம். பயன்படுத்தி முடித்த பொருளிலிருந்து மீட்டு, மீண்டும் உற்பத்திக்கு வரும் மூலப்பொருளுக்கான சொல் பற்றி எழுதுகிறேன்.

> ‘நுகர்வோர்க்குப் பிந்தைய மறுசுழற்சிப் பொருள்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா, பொருள்தான் இடறுகிறது. பொருள்களின் சூழல்சார் அறிவிப்புகளுக்கான ஐஎஸ்ஓ 14021 தரம் வீடுகள் மட்டுமின்றி, கடைகளும் தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் பயன்படுத்தி முடித்ததையும் இந்த வகையில் சேர்க்கிறது. ஆலைக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது கழற்றிய பிவிசி சன்னல் சட்டமும் இதில் அடங்கும். ‘நுகர்வோர்’ என்று எழுதினால் வீட்டுக் குப்பையில் வரும் பாட்டிலும் பையும்தான் நினைவுக்கு வரும்.

யார் பயன்படுத்தினார் என்பதை விட்டுவிட்டு, பயன்பாடு முடிந்துவிட்டது என்பதைச் சொல் காட்ட வேண்டும். என் முன்மொழிவு: பயன்கழி மீள்பொருள். ‘பயன்தீர்’ என்றும் யோசிக்கலாம். ஆனால் புணர்ச்சி பார்ப்பவர்கள் ‘பயன்றீர்’ என்று திருத்தப் புறப்படுவார்கள், தொழிற்கூடத்தில் அது நிற்காது.

இதனோடு இன்னும் இரண்டு சொற்களையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். சன்னல் செய்பவர் வெட்டிய துண்டுகள், சட்டத்துக்கான நீள் பட்டைகளை (ப்ரொஃபைல்) செய்யும் ஆலைக்குத் திரும்பினால் அது பயன்முன் மீள்பொருள். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சு வழியே தள்ளும் எக்ஸ்ட்ரூடரை ஓட்டத் தொடங்கும்போது வரும் கழிவையும் முனைத்துண்டுகளையும் அதே ஆலையில் அரைத்து அதே ஓட்டத்தில் போட்டால் அது ஆலை அரைவை. ஆலை அரைவையை மீள்பொருள் கணக்கில் சேர்க்க ஐஎஸ்ஓ 14021 அனுமதிப்பதில்லை. 1000 கிலோ கலவையில் புதுப்பிசின் (இதுவரை பயன்படாத புது பிளாஸ்டிக்) 550, ஆலை அரைவை 150, பயன்முன் 100, பயன்கழி 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மீள்பொருள் அளவு 30 விழுக்காடுதான். மூன்றையும் ‘மறுசுழற்சி’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் 45 என்று எழுதிவிடுவார்கள். பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவரும் அப்படித்தான் எழுதுவார், ஏனென்றால் சொல் அதற்கு இடம் கொடுக்கிறது.

உழைப்பிலும் இந்த மூன்றுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. ஆலை அரைவை சுத்தமானது, அதன் சேர்மானமும் தெரியும். பழைய சட்டத்தை முதலில் நொறுக்கி, உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையைக் காந்தத்தாலும், அலுமினியத்தைச் சுழல் மின்னோட்டப் பிரிப்பானாலும் எடுக்க வேண்டும். பிறகு ரப்பர் பட்டை, கண்ணாடித்தூள், நிறத்துண்டுகளைப் பிரித்து, உருக்கிச் சல்லடையில் வடிகட்ட வேண்டும். இதில், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் கலந்துவிட்டால்தான் பெரிய தொல்லை. பிவிசி, பெட் இரண்டின் அடர்த்தியும் 1.4ஐ ஒட்டியே இருப்பதால் தண்ணீர்த் தொட்டியில் இரண்டுமே மூழ்கும். பாலி எத்திலீன் மிதந்து பிரிவதுபோல் இவை பிரியாது. பிவிசி 180–200 டிகிரி செல்சியஸில் ஓடும்போது, 250க்கு மேல் உருகும் பெட் உருகாமல் கட்டியாகவே தங்கி, ப்ரொஃபைல் மேற்பரப்பில் கோடு இழுக்கும், சல்லடையை அடைக்கும். கட்டியை உருக்கலாம் என்று வெப்பத்தைக் கூட்டினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை விடும். அந்த அமிலம் அச்சை அரிக்கும்.

பழைய பிவிசியில், வெப்பத்தில் சிதையாமலிருக்கச் சேர்த்த ஈய நிலைப்படுத்தியும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிவிசியில் ஈயத்துக்கு 0.1 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. மீட்ட கடினப் பிவிசி சேரும் சில கட்டடப் பொருள்களுக்கு மட்டும் 1.5 விழுக்காடு வரை காலவரையறையோடு விலக்கு தந்தது. சரக்கு எந்த வகை என்பது சீட்டிலேயே தெரியாவிட்டால் இதைச் சோதிக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது.

---

வணக்கம் ஐயா. ‘பயன்கழி’ எனக்கும் உடன்பாடே. ‘பயனற்றது’ என்று யாராவது படிப்பார்களோ என்ற ஐயம் இருந்தது. ‘மீள்பொருள்’ பின்னால் ஒட்டி வருவதால் அந்தக் குழப்பம் வராது. தனியாக மட்டும் ‘பயன்கழி’ என்று எழுத வேண்டாம்.

இன்னொன்று. மீள்பொருளை நடுவில் வைத்து, நிறமும் வெயில் தாங்கும் தன்மையும் சீராக இருக்க மேலே புதுப்பிசின் உறையிடும் இரட்டை எக்ஸ்ட்ரூஷனில், ‘நடுப்பகுதியில் 40 விழுக்காடு’ என்று விளம்பரம் வரும். நடுப்பகுதி மொத்த எடையில் 70 விழுக்காடு என்றால் முழுப் பொருளில் அது 28தான். வரையறையில் ‘முழுப் பொருளின் எடையில்’ என்பதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

சூழல்சார் வடிவமைப்புப் பகுதிக்கும் ஒரு சொல் தருகிறேன்: பிரிப்பெளிமை. ரப்பர் பட்டையைச் சட்டத்தோடு உருக்கி ஒட்டாமல் பள்ளத்தில் செருகுவது, எஃகுப் பட்டையைப் பசையில்லாமல் திருகால் பிடிப்பது இரண்டும் இதில் அடங்கும். இன்று செருகிய பட்டை முப்பது ஆண்டு கழித்துக் கையோடு உருவி வரும். உருக்கி ஒட்டியது அரைவையோடு போய் உருகலைக் கெடுக்கும்.

---

இரண்டையும் ஏற்கிறேன் அம்மா. பட்டியலில் இப்படி இடுகிறேன்:

பயன்கழி மீள்பொருள் – தனக்குரிய பயன்பாடு முடிந்தபின், வீடு, நிறுவனம், தொழிற்சாலை எதிலிருந்தும் மீட்கப்பட்டு உற்பத்திக்கு வரும் மூலப்பொருள். வழங்கல் சங்கிலியிலிருந்து திரும்பும் சரக்கும் சேரும். ஆலை அரைவை சேராது. அளவு: முழுப் பொருளின் எடையில் விழுக்காடு.