கரையொடுக்கமா, கரையிடுக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உயரும் கடலுக்கும் நாம் கட்டிய சுவருக்கும் நடுவில் கரையோர வாழிடம் சுருங்கிப்போவதை ஆங்கிலத்தில் 'கோஸ்டல் ஸ்க்வீஸ்' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் ஐயா தந்த 'கரையொடுக்கம்' சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே தயக்கம்: கேட்பவர் அதைக் கரையரிப்புக்கு இன்னொரு பெயர் என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் வேறு.

கடல் மட்டம் உயரும்போது உவர்ச் சதுப்பு (கடல்நீர் ஏறி இறங்கும் கரையோரச் செடிநிலம்) உடனே அழிந்துவிடுவதில்லை. கடல் பக்கத்துச் செடிகள் மூழ்கிச் சாக, மேட்டுப் பக்கம் புதிதாக முளைத்து, சதுப்பே மெல்ல உள்ளே நகரும். அந்த மேட்டில் நாம் வெள்ளத்துக்குப் பயந்து சுவர் எழுப்பிவிட்டால்? முன்னால் கடல், பின்னால் சுவர். இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில் இதுதான் நடந்தது. அந்தச் சதுப்பில் கூடு கட்டும் பவளக்காலிப் பறவைக்கு (குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கு வருகிற அதே இனம்தான்) இடம் சுருங்கியது. மணற்கரைக்கும் இதே கதி. பங்குனி ஆமை முட்டையிட அலை எட்டாத உலர்மணல் வேண்டும். கல் கொட்டிய கரையில் அது ஏறிவந்தால் முட்டுவது கல்லில்.

ஆகவே 'இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது' என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். குடையை அக்குளில் இடுக்கிக்கொள்கிறோம், சூடான பாத்திரத்தை இடுக்கியால் பிடிக்கிறோம். அதனால் 'கரையிடுக்கம்'. வினையாகவும் வளையும்: சுவர் கரையை இடுக்குகிறது, கரை இடுங்குகிறது. 'ஒடுக்கு, ஒடுங்கு' என்பதற்கும் இந்த வசதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஒடுக்கப்பட்ட கரை' என்று எழுதிப் பாருங்கள், கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

இதற்கே அக்கா சொன்ன 'கடலோர வாழிட நெருக்கடி' விளக்கமாக இருக்கலாம், சொல்லாக நிற்காது. கரையிலிருந்து கடலுக்குள் தூண்டில் முள்போல் வளைத்துப் போடும் கற்சுவருக்கு மீனவர்கள் வாயில் 'தூண்டில் வளைவு' எப்படி உட்கார்ந்திருக்கிறது! கேட்டதுமே வடிவம் தெரிகிறது. அரசு அறிவிப்புகளிலும் அதுவே வருகிறது.

சரி, இன்னொன்று. எசெக்ஸின் வாலசீ தீவில், லண்டன் ரயில் சுரங்கத்தில் தோண்டிய மண் சுமார் 30 லட்சம் டன்னைக் கொட்டி நிலத்தை உயர்த்தி, 2015இல் பழைய கடற்சுவரை வேண்டுமென்றே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள், சதுப்பு மறுபடி உருவாக. இந்த 'மேனேஜ்டு ரீஅலைன்மென்ட்'டுக்கு என்ன சொல்வது? 'திட்டமிட்ட பின்வாங்கல்' என்றால் தோற்று ஓடியதுபோல் இருக்கிறது. 'கரைவிடுப்பு' என்று யோசித்தேன். கரை லீவு போட்டுவிட்டதா என்று வீட்டில் கேட்கிறார்கள். வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?