கழுவிய ஹெல்மட் பஞ்சு மூன்றாம் நாளே நாறுது: மழைக்காலத்தில் எப்படிக் காயவைப்பது?

மவுசாகலை:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மஸ்கெலியா - ஹட்டன் தினமும் ஓடுற பைக். ஃபுல்ஃபேஸ் ஹெல்மட், உச்சித்துணியும் ரெண்டு கன்னப் பஞ்சும் கழற்றலாம். சவர்க்காரத் தூள்ல ஊறவச்சுக் கழுவி, ரெண்டு நாள் கொடியில போட்டு மாட்டினேன். தொட்டுப் பார்த்தா காய்ஞ்சுதான் இருந்தது. மூணாம் நாளே ஊறிப்போன சாக்கு நாற்றம். கன்னப் பஞ்சுல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, நெற்றிப் பட்டியில தேங்காய் எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடக்கு.

இன்னொன்று, பின்னால இருக்கிறவங்க போடுற ஹெல்மட். அதுல உள்துணி ஒட்டியிருக்கு, கழற்ற முடியாது. வாளியில முக்கிக் கழுவலாமா? அடுப்புக்கு மேல தொங்கவிட்டா ஒரே இரவுல காயும்னு சொல்றாங்க, சரியா?

சிங்கமலை:
தம்பி, அடுப்புப் பேச்சை முதல்ல விடுங்க. துணிக்குப் பின்னால இருக்கிற வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்)தான் விழும்போது நசுங்கி அடியை வாங்குது. 80 பாகை செல்சியஸ் தாண்டினா அது சுருங்கத் தொடங்கும். வெளி ஓட்டைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. அடுப்பு, ஹேர் ட்ரையர், தேயிலை ஃபெக்டரி டிரையர் பக்கம், எல்லாமே ஆகாது.

நீங்க கழுவினதுல பெரிய பிழை இல்லை. காய்ஞ்சதுன்னு நம்பினதுதான் பிழை. மேல்துணி மெல்லிசு, அது சீக்கிரம் காய்ஞ்சிடும். உள்ள இருக்கிற ஸ்பொஞ்ச் தடிப்பு, நடுவுல ஈரம் அப்படியே நிற்கும். அதோட வியர்வை உப்பு முழுசா வெளியேறலைன்னா, அது காற்றுல இருக்கிற ஈரத்தைத் திரும்ப இழுக்கும். மே கடைசியிலயிருந்து செப்டெம்பர் வரைக்கும் நம்ம பக்கம் தென்மேற்கு மழை. மூடுபனி இறங்குற நேரத்துல கொடியில கிடக்கிற பஞ்சு காயாது, ஈரத்தைக் குடிக்கும்.

கழற்றுறதுக்கு முன்னால ஹெல்மட்டை வீட்டுக்குள்ள கால் மணித்தியாலம் வைங்க. குளிர்ல விறைச்ச பிளாஸ்டிக் லேசா உடையும். முதல்ல கன்னப் பஞ்சு. பஞ்சைப் பிடிச்சு இழுக்காதீங்க, பட்டனுக்கு அடியில விரலை விட்டு ஒவ்வொண்ணா நேரா நெம்புங்க. அப்புறம் உச்சித்துணி. பல ஹெல்மட்டுகள்ல நெற்றிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாக்கு ஓட்டுக்கும் ரெஜிபோமுக்கும் நடுவுல செருகியிருக்கும். அந்த நாக்கு ஒடிஞ்சா துணி கண்ணுக்கு மேல இறங்கிக்கிட்டே இருக்கும், ஓரத்துலயிருந்து மெதுவா எடுங்க.

பேசின்ல 3 லீற்றர் தண்ணி, 30 பாகை போதும். அதாவது கை வச்சா சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. பேபி ஷாம்பூ 2 தேக்கரண்டி. சவர்க்காரத் தூள் ஸ்பொஞ்சுல தங்கிடும், மழையில நனைஞ்சா நெற்றியில இறங்கி அரிக்கும். எண்ணெய்ப் பட்டிக்கு மட்டும் தண்ணி சேர்க்காத ஷாம்பூவை விரலால தேய்ச்சு 10 நிமிஷம் விட்டுட்டுப் பேசின்ல போடுங்க. 20 நிமிஷம் ஊறினதும் உள்ளங்கையால அமுக்கி அமுக்கி விடுங்க. முறுக்கிப் பிழிஞ்சா துணி ஸ்பொஞ்சுலயிருந்து பிரிஞ்சு வரும். அலசுறதுக்கு அஞ்சாறு தண்ணி பிடிக்கும், அமுக்கினா நுரை வராத வரைக்கும் அலசணும்.

கறுப்புப் புள்ளிக்கு வெள்ளை வினாகிரி 1 பங்கு, தண்ணி 4 பங்கு. அரை மணித்தியாலம் ஊறவச்சு திரும்ப அலசுங்க. தென்னை வினாகிரியோட வாசம் பஞ்சுல தங்கிடும், அது வேண்டாம். அப்பச் சோடாவைக் கூடச் சேர்க்காதீங்க, ரெண்டும் பொங்கி ஒன்றையொன்று கெடுத்துடும். ப்ளீச் போட்டா ஸ்பொஞ்ச் உதிரும். பூஞ்சணம் செத்த பிறகும் கறை நிற்கலாம், அதைப் போக்குறேன்னு பிரஷ்ஷால தேய்க்க வேண்டாம்.

இனிக் காயவைக்கிறது. தடிச்ச துவாயில சுருட்டி, அதுமேல முழங்காலை ஊன்றி அமுக்குங்க. துவாயை மாத்தி இன்னொரு தடவை. பாதி ஈரம் இதுலயே போயிடும். பிறகு வெளியில கொண்டுபோகாதீங்க, மழை நாள்ல ஜன்னலையும் சாத்துங்க. 16 பாகையில ஈரம் நிறைஞ்ச வெளிக்காற்று வீட்டுக்குள்ள 22 பாகைக்குச் சூடேறினா அதோட ஈரப்பதன் 70 வீதத்துக்கு இறங்கும். அந்தக் காற்றுதான் காயவைக்கும். மேசை ஃபேனுக்கு ரெண்டடி தூரத்துல, நாலு பக்கமும் காற்றுப் படுற மாதிரித் தொங்கவிட்டு இரவு முழுக்க ஓடவிடுங்க. ஃபிரிஜ் பின்பக்கம் வர்ற இளஞ்சூடும் நல்லது, கம்பியில மட்டும் முட்டக்கூடாது. சமைக்கிற நேரம் குசினியில வைக்காதீங்க, சோற்றுப்பானை ஆவி முழுக்கப் பஞ்சுக்குள்ள போயிடும்.

கையால தொட்டுப் பார்க்கிறது போதாது. கன்னப் பஞ்சை ரெண்டா மடிச்சு, நடுவுல ஒரு டிஷ்யூவை வச்சு 10 விநாடி அழுத்துங்க. டிஷ்யூ நெளிஞ்சாலோ ஒட்டினாலோ இன்னொரு இரவு.

ஊவாக்காற்று:
ஒட்டின உள்துணி பற்றி நான் சொல்றேன். வாளியில முக்கவே கூடாது தம்பி. ரெஜிபோம் தண்ணியை அதிகம் குடிக்காது, ஆனா ஓட்டுக்கும் அதுக்கும் நடுவுல புகுந்த தண்ணிக்கு வெளியேற வழியில்லை. நாள்கணக்குல நிற்கும், பசையை இளக்கும், தாடை வார் பிடிச்சிருக்கிற ஆணியில துரு ஏறும்.

1 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணியில ஒரு தேக்கரண்டி ஷாம்பூவை நுரைக்க அடிங்க. தண்ணியை விட்டுட்டு நுரையை மட்டும் ஸ்பொஞ்சுல அள்ளி, ஒரு உள்ளங்கை அளவு இடத்துல ஒற்றி விரலால பிசைஞ்சு, அழுக்கு நுரையைத் துணியால எடுங்க. பிறகு வெறுந்தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணியால நாலைஞ்சு தடவை ஒற்றுங்க. ஒரு இடம் முடிஞ்சதும் அடுத்த இடம். முடிஞ்சதும் வாய்ப்பக்கம் ஃபேனைப் பார்க்கிற மாதிரி ஒரு சட்டியில சாய்ச்சு வைங்க. முதல் ஒரு மணித்தியாலம் உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டித் திணிச்சு, நனைய நனைய மாத்தலாம்.

இன்னொரு விஷயம் அவசியம் சொல்லணும். நாற்றம் போகும்னு தேசிக்காய்த் தோலைத் தேய்க்கிறவங்களும், நுவரெலியாவுல விற்கிற யூகலிப்டஸ் தைலத்தை ரெண்டு சொட்டு விடுறவங்களும் நிறையப் பேர். தேசிக்காய்ச் சாறு ஒண்ணும் செய்யாது, தோல்ல இருக்கிற எண்ணெய்தான் ரெஜிபோமைக் கரைக்கும். டீவி வந்த பெட்டியில இருக்கிற ரெஜிபோம் துண்டுல தோலை மடிச்சுப் பிதுக்கிப் பாருங்க, எண்ணெய் தெறிச்ச இடத்துல சின்னச் சின்னக் குழி விழும். தைலமும் அப்படித்தான். பெற்றோல், தின்னர் சொல்லவே தேவையில்லை. டேங்க் மேல ஹெல்மட்டைக் கவிழ்த்து வைக்கிற பழக்கத்தையும் அதனாலதான் விடச் சொல்றது.

பண்டாரவளைப் பக்கம் ஜூலைக் காற்றுல இதெல்லாம் நிழல்லயே அரை நாள்ல காயும். மார்கழியில எங்களுக்கும் உங்க பாடுதான், அப்போ ஃபேன் இல்லாம முடியாது.

மவுசாகலை:
ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். தேசிக்காய் விஷயம் தெரியாது, வீட்டுல அதைத்தான் செய்ய இருந்தோம். வைஸரையும் கேட்டுடுறேன். உள்பக்கம் மங்கலா இருக்கு, இரவுல எதிர்ல வர்ற பஸ் வெளிச்சம் பூவா விரியுது. பற்பசை போட்டுத் தேய்ச்சா தெளியுமா? அதோட, கன்னப் பஞ்சு ஓரத்துல மஞ்சள் தூளா உதிருது.

நானுஓயா:
தம்பி, பற்பசை உரசித் தேய்க்கிற பொருள். வைஸர் மேல இருக்கிற கடினப் பூச்சைச் சுரண்டிடும், வெளிச்சம் இன்னும் மோசமா விரியும். கண்ணாடி துடைக்கிற அமோனியாத் திரவமும் வேண்டாம், அது வைஸர் செய்ற பொலிகாபனேட் பிளாஸ்டிக்குல நுண்வெடிப்பை உண்டாக்கும். வைஸரைக் கழற்றி, ஈரத் துணியால மூடி 15 நிமிஷம் விடுங்க. பூச்சி, சேறு எல்லாம் ஊறிக் கழன்றதும் ஓடுற தண்ணியில விரல் நுனியாலயே கழுவுங்க. காய்ஞ்ச தூசு மேல துணியைப் போட்டா அந்தத் தூசே மணல் தாள். பனி படியாத பூச்சு உள்பக்கம் இருந்தா வெறுந்தண்ணி மட்டும், மென்மையான துணியால ஒற்றி எடுங்க. இவ்வளவு செய்தும் வெளிச்சம் விரிஞ்சா அது அழுக்கில்லை, கீறல். வைஸரை மட்டும் மாத்துங்க. அதே மொடலுக்கு உரியதைக் கேட்டு வாங்கணும், பக்கத்துப் பல் சக்கரம் மொடலுக்கு மொடல் வேற.

மஞ்சள் தூள்னா ஸ்பொஞ்ச் ஈரத்துல மக்கி உதிருது. சிங்கமலை அண்ணன் சொன்ன மாதிரி எவ்வளவு பதமாக் கழுவினாலும் அது திரும்பாது. அந்தக் கன்னப் பஞ்சுக்கு இந்தக் கழுவலே வேண்டாம், ஜோடியா மாத்துங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா ஹெல்மட் ஒரு பக்கம் ஆடும். அளவு பார்க்கிறப்போ கம்பளிக் குல்லா போட்டுப் பார்க்காதீங்க. நம்ம குளிருக்குப் பலர் குல்லாவுக்கு மேல ஹெல்மட் போடுறாங்க, நாளானா பஞ்சு அமுங்கிடும், குல்லா இல்லாத நாள்ல தலை உள்ளே சுழலும். மெல்லிய பருத்தித் துணி ஒண்ணைத் தலையில கட்டிக்கிட்டு அதைத் தினமும் கழுவினா எண்ணெய் பஞ்சுக்கு வராது.

திரும்ப மாட்டும்போது உச்சித்துணி முதல்ல, கன்னப் பஞ்சு பிறகு. வலது, இடது மாறக்கூடாது. தாடை வாரைப் பஞ்சுல இருக்கிற வெட்டு வழியா வெளியே இழுத்துட்டுத்தான் பட்டனை அமுக்கணும். அவசரத்துல வார் பஞ்சுக்கு அடியில மாட்டிக்கிறது அடிக்கடி நடக்கும், பூட்டினா இறுகின மாதிரித் தெரியும், ஆனா வார் நேரா ஓடாது. ஒவ்வொரு பட்டனுக்கும் 'டக்' சத்தம் கேட்கணும். கடைசியா வாரைப் பூட்டி, பின்பக்கத்தைப் பிடிச்சு முன்னால உருட்டிப் பாருங்க. கழன்று வந்தா வார் தளர்வா இருக்கு, இல்லைன்னா ஹெல்மட் தலைக்குப் பெரிசு.