அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் பழுது வேலை இழுத்துக்கொண்டே போகிறது, எப்படிக் கேட்பது?

வணக்கம். அம்மாவுக்கு 81 வயது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். அவர் இருக்கும் இல்லத்தில் ஐந்து மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. அறை இரண்டாவது மாடியில். தினமும் கீழே வந்து வெயிலில் உட்காருவது நின்றுபோனதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது.

அதைவிடப் பயம் குளியலறைதான். மேல்தளக் குழாயில் எங்கோ கசிவு. சுவரில் ஓதம் ஏறி, கைப்பிடிக் கம்பியின் திருகுகள் துருப்பிடித்து ஆடுகின்றன. எழும்போது முழு எடையையும் அந்தக் கம்பியில்தான் போடுவார். மூலையில் கறுப்புப் பூஞ்சை வேறு. அவருக்கு ஆஸ்துமா இருக்கிறது. ஒருமுறை பெயின்ட் அடித்தார்கள். கசிவை அடைக்காமல் பெயின்ட் எப்படி நிற்கும்? மூன்றே வாரத்தில் உப்பி உரிந்துவிட்டது.

கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் ஆள் வருவார்" என்கிறது நிர்வாகம். பராமரிப்புப் பணியாளர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை, பாவம், அவர்கள்தான் பெரியவர்களைத் தாங்கிப் பிடித்துப் படியிறக்குகிறார்கள்.

தேதியோடு படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: கெடு வைத்துக் கடிதம் கொடுத்தால் அசைவார்களா? மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவதா? அப்புறம், வேலை முடியும்வரை தரைத்தள அறை கேட்டு வாங்கியவர்கள் யாராவது உண்டா? நான் அழுத்திக் கேட்டால் அம்மாவிடம் முகம் காட்டிவிடுவார்களோ என்று தயக்கமாகவும் இருக்கிறது.