வெள்ளிக்கிழமை மட்டும் தலைவலி: தலைக்குக் குளிப்பதுதான் காரணமா?

கொள்ளிடக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. வீடு ஸ்ரீரங்கம். லால்குடி பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. இரண்டு வருடமாக ஒரு தலைவலி என்னைப் பிடித்து ஆட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால் அதற்குக் கிழமை தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் வரும். செவ்வாய்க்கிழமை பாதி நாள் வரும். மற்ற நாட்களில் எப்போதாவது எட்டிப் பார்க்கும்.

செவ்வாயும் வெள்ளியும் நான் தலைக்குக் குளிக்கும் நாட்கள். வெள்ளிக்கிழமை நாலரைக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, சமைத்து, மூன்று டப்பா கட்டி, 7:35 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். விளக்கேற்றும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. ஏற்றியபிறகு சாப்பிட நேரம் இருக்காது. முடி இடுப்புவரை, சீக்கிரம் காயாது. நுனியில் முடிச்சுப் போட்டு மல்லிகை வைத்துக்கொண்டு ஓடுவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் கொள்ளிடம் பாலத்துக் காற்று ஈரத்தலையில் பட்டு ஜிலீரென்று இருக்கும். அதை ரொம்பப் பிடிக்கும் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் மாறிப் பள்ளிக்குப் போய், பத்து மணிவாக்கில் வலது புருவத்துக்கு மேல் ஒரு துடிப்பு ஆரம்பிக்கும். பதினொரு மணி இடைவேளையில் முதல் காப்பி. குடித்ததும் கொஞ்சம் அடங்கும். மதியம் திரும்பி வந்தால் கண்ணைத் தோண்டுவதுபோல் இருக்கும். குமட்டும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் தாங்காது, ஜன்னல் வெளிச்சம் தாங்காது. சனிக்கிழமை மதியம்வரை படுக்கை.

மாமியார் "தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்கிறார். ஒரு டாக்டர் சைனஸ் என்று சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் நானே பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் அட்டையாக வாங்கி வைத்துக்கொண்டேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. மாத்திரை இல்லாமல் வழி இருக்கிறதா? முடியை வெட்டிவிடலாமா? உண்மையிலேயே தலைக்குள் நீர் இறங்குமா?

பெரியகுளத்தான்:

முடியை வெட்டாதேம்மா. முதலில் நாட்டு மருந்துக் கடையில் நீர்க்கோவை மாத்திரை வாங்கு. இழைக்கிற கல்லில் வெந்நீர் விட்டு இழைத்து, இளஞ்சூட்டில் நெற்றியிலும் மூக்கின் இரு பக்கமும் பற்றுப் போடு. இது வெளிப்பூச்சுக்கு மட்டும். பேரில் மாத்திரை என்று இருப்பதைப் பார்த்து என் மச்சினன் ஒருமுறை விழுங்கிவிட்டு ராத்திரி முழுக்க வயிறு எரிகிறது என்று கத்தினான்.

சுக்கை உரசிப் போடுவதும் உண்டு. ஆனால் காய்ந்ததும் கழுவிவிட வேண்டும். என் மகளுக்கு எட்டு வயதில் போட்டுவிட்டு மறந்துவிட்டோம், நெற்றி வெந்து கொப்புளம் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் நொச்சி இலை போட்டு ஆவி பிடி. இல்லையென்றால் ஆவி எதற்கு? வெறும் சூடுதான், எனக்கெல்லாம் துடிக்கிற வலி அதில் கூடத்தான் செய்கிறது. என் வைத்தியம் வேறு: இருட்டு அறை, நெற்றியில் ஈரத்துணி, கால் இரண்டும் வெந்நீர் வாளியில், அரை மணி நேரம். அமிர்தாஞ்சன் இருந்தால் பொட்டுப்பொறியில் ஒரு துளி. 1893இலிருந்து ஊரெல்லாம் தடவுகிறார்கள், வலியைத் தாங்கிக்கொள்ளவாவது உதவும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

நோட்டுப்புத்தகம்:

அக்கா, நான் கும்பகோணம். உங்கள் பதிவைப் படித்ததும் என் கதையை யார் எழுதினது என்று பார்த்தேன். எனக்கு 12 வருடம் சைனஸ் என்றே ஓடியது. கடைசியில் ஒரு நரம்பு மருத்துவர்தான் இது மைக்ரேன், ஒற்றைத் தலைவலி என்றார். ஒரு பக்கமாகத் துடிப்பது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிப்பது எல்லாம் அதன் அடையாளம். மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும், முகம் கனக்கும். அதனால்தான் சைனஸ் என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

தலைக்குள் நீர் இறங்காது. மண்டையோட்டைத் தாண்டி அது எங்கே போகும்? ஆனால் உங்கள் மாமியார் பார்த்ததும் பொய் இல்லை. மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் செஃபலால்ஜியா என்ற தலைவலி மருத்துவ இதழில், தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வருகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். என் மருத்துவர் சொல்லித்தான் தெரியும். நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னது அப்புறம்தான் இதழில் ஏறியது.

ஆனால் ஒன்று. உங்கள் வெள்ளிக்கிழமையில் ஈரத்தலை மட்டுமா இருக்கிறது? சீக்கிரம் எழுவது, வெறும் வயிறு, பூ வாசனை, பஸ் காற்று எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. எனக்கு ஒவ்வொன்றும் தனியாக வந்தால் ஒன்றும் செய்யாது. மூன்று சேர்ந்தால் படுத்துவிடுவேன். ஒரு நோட்டு போடுங்கள். எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், தூக்கம், மாதவிலக்கு நாள், வலி ஆரம்பித்த நேரம், மாத்திரை. அவ்வளவுதான், கதை எழுத வேண்டாம். வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

ஈரோட்டு மருந்துக்கடை:

22 வருடமாகக் கடையில் நிற்கிறேன். டாக்டர் இல்லை, ஆனால் அட்டை அட்டையாக வாங்கிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேடம், இரண்டு கேள்வி. மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்? எத்தனை மாத்திரை என்று கேட்கவில்லை, எத்தனை நாள்? அட்டையின் பின்னால் வெறும் பாராசிட்டமால் என்று இருக்கிறதா, கூடவே காப்பியில் இருக்கிற கஃபீனும் இருக்கிறதா?

இன்னொன்று. வியாழக்கிழமை கடைசிக் காப்பி எத்தனை மணிக்கு?

கொள்ளிடக்கரை:

இப்போது எண்ணிப் பார்த்தேன். போன மாதம் 11 நாள். அட்டையில் கஃபீனும் போட்டிருக்கிறது. காப்பி பள்ளி விட்டு வந்ததும் நாலரைக்கு. மற்ற நாளில் காலை ஐந்தரைக்கே முதல் டம்ளர் ஆகிவிடும். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான், அன்று இந்த விரதமெல்லாம் கிடையாது.

ஈரோட்டு மருந்துக்கடை:

அங்கேதான் இருக்கிறது. வியாழன் மாலை 4:30, வெள்ளி காலை 11. பதினெட்டரை மணி நேரம். தினம் காப்பி குடிப்பவர் நிறுத்தினால் 12லிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி கிளம்பும். உங்களுக்குப் பத்து மணிக்கு வருகிறது, பதினொரு மணிக்குக் காப்பி குடித்ததும் அடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற நாளில் இடைவெளி 13 மணி நேரம்தான். ஒற்றைத் தலைவலிக்காரருக்குக் காப்பி தவறுவதே போதும், அதைக் கிளப்பிவிட. தண்ணீரைக் குற்றம் சொல்லும் முன் டம்ளரைப் பாருங்கள்.

அடுத்தது மாத்திரை. கஃபீன் சேர்த்த கூட்டு மாத்திரையை மாதத்தில் 10 நாளும் அதற்கு மேலும், தனிப் பாராசிட்டமாலை 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்துக்குக் கூடுதலாகப் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கிவிடும். மாதத்தில் பாதி நாள் வலி என்று ஆகிவிடும். நீங்கள் அந்த வாசலில் நிற்கிறீர்கள். நிறுத்தும்போது முதலில் சில நாள் வலி கூடும், சொல்லிவிட்டேன். அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டே செய்யுங்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கு வராமல் தடுக்க ரிபோஃப்ளேவின் 400 மில்லிகிராம் எழுதித் தருவதும் உண்டு. வைட்டமின்தான், ஆனால் மூன்று மாதமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும், சிறுநீர் நல்ல மஞ்சளாகப் போகும். பயந்துகொண்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு.

பிரஷர் பாருங்கள், கண்ணையும் பாருங்கள். 41 வயதில் கிட்டத்தில் வைத்துப் படிக்கக் கண்ணாடி தேவைப்பட ஆரம்பிக்கும், நோட்டுத் திருத்துகிறவர்களுக்கு அது தனித் தலைவலி.

வீட்டு வைத்தியம் செய்துகொண்டு உட்காரக் கூடாத தலைவலியும் இருக்கிறது. இடி விழுந்தது போல ஒரு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது. இதற்கெல்லாம் நேரே ஆஸ்பத்திரி. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலும், கர்ப்ப காலத்தில் வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும். வலிக்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து ஒளிக்கோடு தெரிகிறவர்கள் கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், பக்கவாத ஆபத்து கூடும்.

பெரியகுளத்தான்:

தம்பி சொல்வது சரி. காப்பியை நான் யோசிக்கவே இல்லை. நானும் ஏகாதசி அன்று காப்பி குடிக்க மாட்டேன், அன்று தலை கனக்கும், பட்டினிதான் காரணம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொள்ளிடக்கரை (ஒன்பது வாரம் கழித்து):

நோட்டு போட்டேன். பிள்ளைகளின் மிச்ச நோட்டில் நாலு பக்கம்தான் ஆனது.

முதலில் டாக்டர். வேறொருவரிடம் போனேன். மைக்ரேன் என்றே சொன்னார். கூட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார், முதல் ஒன்பது நாள் நரகம். அந்த வாரம் பெரியகுளத்து ஐயாவின் வாளியும் ஈரத்துணியும்தான் துணை. நீர்க்கோவைப் பற்றும் போட்டேன். வலி போனது என்று சொல்ல மாட்டேன், நெற்றியில் அந்தச் சூடு இதமாக இருந்தது.

அப்புறம் காப்பி. விளக்கேற்றும் முன் குடிப்பதா என்று மூன்று நாள் தயங்கி, கடைசியில் மாமியாரிடம் கேட்டேன். "நான் முப்பது வருஷமா குடிச்சுட்டுத்தான் விளக்கேத்தறேன். உன்னை யாரு குடிக்காதேன்னு சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை. புதுக்கோட்டையில் என் அம்மா அப்படி இருந்தார், நானும் இங்கே வந்து 16 வருடமாக அதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

முதல் வெள்ளி: காப்பி மட்டும் மாற்றினேன், காலை 4:45க்கு. பத்து மணிக்கு வரவில்லை. மதியம் லேசாக வந்து போனது. இரண்டாவது வெள்ளி: காப்பியோடு பஸ்ஸுக்கு முன் நின்றபடியே இரண்டு இட்லி. ஒன்றுமே இல்லை. மூன்றாவதும் அப்படியே. மல்லிகை எல்லா வெள்ளியும் வைத்தேன், அதன்மேல் இனி பழி போட மாட்டேன்.

நாலாவது வெள்ளி வேண்டுமென்றே வியாழன் மாலையே தலைக்குக் குளித்து, நன்றாகக் காய வைத்துப் போனேன். அன்று பார்த்துப் பள்ளியில் ஆய்வு. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. உலர்ந்த தலையோடு அடி வாங்கினேன், கூட்டில்லாத மாத்திரை ஒன்று போட வேண்டியதாயிற்று. ஐந்தாவது வெள்ளி காப்பி, இட்லி எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ஈரத்தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பத்தரைக்கு வந்தது, ஆனால் பழைய வலியில் கால் பங்கு. ஆக, ஈரத்துக்கும் பங்கு உண்டு, மாமியார் முழுக்கத் தோற்கவில்லை. இப்போது வியாழன் மாலைக் குளியலும் இட்லியும் நிலையாகிவிட்டன. கடைசி இரண்டு வெள்ளியும் வலி இல்லை. இந்த மாதம் மாத்திரை போட்ட நாள் மொத்தம் மூன்று. படிக்கக் கண்ணாடியும் வந்துவிட்டது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமைதான் இன்னும் பிடிபடவில்லை. அன்று காப்பி நேரத்துக்குக் குடிக்கிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். தலைக்குக் குளிப்பதைப் புதனுக்கு மாற்றியும் செவ்வாய் மாலை இரண்டு முறை வந்தது. அன்றைக்குக் கடைசி இரண்டு பீரியட் விளையாட்டு, மைதானத்தில் நிழலே கிடையாது. அடுத்த செவ்வாய் குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போய்ப் பார்க்கிறேன்.